முட்டுக்கட்டை: பெருஞ்சிற்பங்களை நிறுவும் பணியும் பாதுகாப்பின் சொற்களும்

முட்டுக்கட்டை என்னும் சொல்லை இன்று நாம் தடை என்னும் பொருளிலேயே வழங்குகிறோம். வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை, திருமணத்திற்கு முட்டுக்கட்டை என்றெல்லாம் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. தேரோடும் ஊர்களில் இச்சொல்லின் முதற்பொருள் வேறு. மரத்தேருக்குப் பழங்காலத்தில் திசைதிருப்பும் கருவியும் இல்லை, நிறுத்தும் கருவியும் இல்லை. வடம் பிடித்து இழுப்போர் முன்னே இருப்பர். அவர்களுக்குத் தேரின் சக்கரம் தெரியாது. சக்கரத்தின் அருகே குனிந்து நடந்து, உரிய நொடியில் ஆப்பு வடிவிலான கட்டையைச் சக்கரத்தின் அடியில் செருகித் தேரைத் திருப்புவோரும் நிறுத்துவோரும் சிலரே. அவர்கள் கையில் இருந்ததே முட்டுக்கட்டை. ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடைய திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திய பின்னரும், தேர் திரும்பும் இடங்களில் கட்டைக்கு வேலை இருந்துகொண்டுதான் இருக்கிறது.

உயிர்காக்கும் கருவியொன்றின் பெயர், எரிச்சலூட்டும் தடையின் பெயராக மாறிய இந்தப் பொருள்மாற்றத்தை மொழியியலார் இழிபொருட்பேறு என்னும் வகையில் அடக்குவர். நாம் இங்கு அதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. பணியிடத்தில் "கொஞ்சம் நிறுத்துங்கள், அடியிற் பார்த்துவிட்டுத் தூக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், பிறர் அவரைப் பார்த்து "முட்டுக்கட்டை போடாதே" என்கின்றனர். மொழி தன்னையறியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மொழியறிஞர்கள் கூடிப் பேசும் வரிசையில் சிற்பம் நிறுத்துவதன் ஆபத்துகளைப் பேசுவது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். குளுவாங் போன்ற நகரத்தில் பெருங்கலைப் படைப்புகள் இன்று மூன்று வகையில் எழுகின்றன. கோயிலின் கோபுரமும் சுதைச் சிற்பங்களும் ஒன்று. ஊர் நுழைவாயில்களும் நினைவுச் சின்னங்களும் மற்றொன்று. பழைய கடைவீடுகளின் சுவர்களில் வரையப்படும் பேரோவியங்கள் மூன்றாவது. இம்மூன்றிலும் சாரத்தின்மேல் நிற்பவர்கள் ஒரே மொழியினர் அல்லர். தமிழ்நாட்டிலிருந்து வந்த சிற்பியும், வங்காளதேசத்துத் தொழிலாளியும், மலாய் பேசும் கிரேன் ஓட்டுநரும், சீனக் குத்தகையாளரும் ஒரே பாரத்தைச் சுற்றி நிற்கின்றனர். அவர்களுக்கிடையே உயிரைப் பிணைத்து நிற்பவை கயிறும் சொல்லும் ஆகிய இரண்டே. கயிற்றைச் சோதிக்க முறை உண்டு. சொல்லைச் சோதிப்பார் அரியர்.

முதலில் பணியின் இயல்பைப் பார்ப்போம். பெருஞ்சிற்பம் ஒன்றை அதற்குரிய இடத்தில் நிறுத்த மூன்று வழிகள் உண்டு. முழுதாகச் செய்து கொண்டுவந்து நிறுத்தலாம். துண்டுகளாகச் செய்து அடுக்கலாம். நிற்க வேண்டிய இடத்திலேயே கட்டி எழுப்பலாம். எவ்வழியைத் தேர்ந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. அது இடம் மாறுகிறது. இதனை உணர்ந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதல்வழிக்குச் சான்று ஐதராபாத்து உசேன்சாகர் ஏரியின் நடுவில் நிற்கும் புத்தர் சிலை. என்.டி. ராமராவ் ஆந்திர முதலமைச்சராக இருந்தபோது எடுக்கப்பட்ட முயற்சி அது. எஸ்.எம். கணபதி ஸ்தபதியின் தலைமையில், ராயகிரிக்கு அருகிலிருந்த ஒரே வெண்கருங்கல்லில் செதுக்கப்பட்ட அச்சிலை 18 மீட்டர் உயரமும் 300 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. தரைவழியே அதனை நகருக்குக் கொண்டுவந்து சேர்த்தனர். எஞ்சியது ஏரிக்கரைக்கும் ஏரிநடுவே கட்டப்பட்ட மேடைக்கும் இடையிலான சிறிது தொலைவு மட்டுமே. 1990 மார்ச் 10 அன்று மிதவையில் ஏற்றிச் சென்றபோது மிதவை சாய்ந்தது. சிலை நீரில் மூழ்கியது. உடன்சென்ற பணியாளர்கள் பலர் உயிரிழந்தனர். ஏறக்குறைய 2 ஆண்டுகளும் 9 மாதங்களும் புத்தர் ஏரியின் அடியில் கிடந்தார். பின்னர் உடையாமல் மீட்கப்பட்டு, 1992 டிசம்பர் 1 அன்று மேடைமேல் நிறுத்தப்பட்டார்.

சிலை உடையாமல் மீண்டதைப் பலரும் வியந்து எழுதியிருக்கின்றனர். நாம் வியக்க வேண்டியது வேறொன்று. இந்தப் பயணத்தில் மிகக் குறுகிய பகுதியே மிகக் கொடிய பகுதியாயிற்று. நிலத்தில் வண்டி சற்றுச் சாய்ந்தால் நிறுத்திவிட்டுச் சிந்திக்கலாம். நீரில் அது இயலாது. மிதவை சாய்ந்தால் சுமை சிறிது நகரும். சுமை நகர்ந்தால் மிதவை மேலும் சாயும். ஓர் எல்லையைக் கடந்தபின் மனிதர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. நிறுத்திச் சிந்திக்க இடந்தராத கட்டம் எது என்று முன்கூட்டியே தேடிக் கண்டுபிடிப்பதே இத்துறையில் முதல் வேலை. முட்டுக்கட்டை செருக இடமில்லாத தெருவில் தேரை விடக்கூடாது என்று பழையவர்கள் சொல்லியிருப்பர்.

ஒரே கல்லாகக் கொண்டுசெல்லும் ஆசை இன்றும் தீர்ந்தபாடில்லை. வந்தவாசிப் பகுதியில் கொரக்கோட்டையில் வெட்டியெடுத்த பெருங்கல் பெங்களூருக்குச் சென்ற கதை மாணவர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். 2018-ஆம் ஆண்டின் இறுதியில் புறப்பட்டு 2019-இல் போய்ச் சேர்ந்த அக்கல்லை 240 சக்கரங்கள் கொண்ட ஊர்தி சுமந்தது. வழியில் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. உயிரிழப்பைத் தவிர்க்க ஊர்ந்துசென்ற பொறுமையைப் பாராட்டலாம். ஒரு கல்லின் அகலத்துக்கு ஏற்ப ஊரின் அகலத்தைத் திருத்துவது கலைக்கு உரிய மரியாதைதானா என்ற ஐயமும் நமக்கு உண்டு.

இரண்டாம் வழிக்குக் கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை சான்று. வை. கணபதி ஸ்தபதி அமைத்த இச்சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. (ஐதராபாத்துச் சிற்பியும் இவரும் வேறு வேறு, பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவராகக் கொள்ளும் பிழை மாணவர் கட்டுரைகளில் காணப்படுகிறது.) மொத்த உயரமாகிய 133 அடி, குறளின் அதிகார எண்ணிக்கை என்பதும், 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், அதன்மேல் நிற்கும் 95 அடி உருவம் மற்ற இரு பால்களின் அதிகாரங்களையும் குறிக்கும் என்பதும் ஆசிரியர் யாவரும் வகுப்பில் சொல்வனவே. சொல்லப்படாதது ஒன்றுண்டு. ஏறத்தாழ 7,000 டன் எடையுள்ள அப்படைப்பு, பெரும்பாலும் 3 முதல் 8 டன் வரை எடைகொண்ட கற்களால் அடுக்கப்பட்டது. கடல்நடுவே பாறையொன்றின்மேல், காற்று ஓயாத இடத்தில், 300 டன் கல்லை எவரும் தூக்கவில்லை. தூக்கியதெல்லாம் எட்டு டன்னுக்குள். ஒரு கல் நழுவினாலும் இழப்பு அக்கல்லின் அளவோடு நிற்கும். பேருருவைச் சிறுசிறு ஆபத்துகளாகப் பிரித்துக்கொண்ட அறிவு அது.

அதற்கு ஈடாக வேறு தொல்லைகள் வந்தன. ஆயிரக்கணக்கான முறை தூக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கவனம் வேண்டும். ஆயிரமாவது கல்லைத் தூக்கும்போது முதற்கல்லின்போது இருந்த அச்சம் இராது. சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்து எழுப்பிய சாரம் கடற்காற்றையும் உப்பையும் தாங்க வேண்டும். சிலையின் இடுப்பில் ஒரு வளைவு இருப்பதால் எடை நேர்கோட்டில் இறங்குவதில்லை. மேலே வைக்கும் ஒவ்வொரு கல்லும் கீழுள்ள வளைவின்மேல் சிறிது பக்கவாட்டில் அழுத்தும். ஆகவே ஸ்தபதி முதலில் மரத்தால் மாதிரி செய்து நிலைப்பைப் பார்த்தார். உட்புறத்தைக் கூடாக விட்டுக் கல் உத்திரங்களால் பிணைத்தார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அப்பாறையை மோதியபோது சிலை நின்றது. அந்நாளைப் பற்றிப் பேசுவோர் வள்ளுவரின் பெருமையைக் கூறுவர். நாம் அடியில் உள்ள கல்லுறவுகளின் பெருமையையும் சேர்த்துக் கூற விரும்புகிறோம்.

மூன்றாம் வழி நம் நாட்டில் யாவரும் கண்டது. பத்துமலை முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம். 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. 1,550 கன மீட்டர் கான்கிரீட்டும் 250 டன் எஃகுக் கம்பியும் அதனுள் உள்ளன. கான்கிரீட்டின் எடை மட்டும் 3,700 டன்னை ஒட்டி வரும். அதில் பெரும்பாரம் எதனையும் ஒரே வீச்சில் தூக்க வேண்டியிருந்ததில்லை. கம்பி கட்டி, அச்சுப் பலகை வைத்து, கலவை ஊற்றி, படிப்படியாக எழுப்பும் முறை அது. இங்கு ஆபத்து பாரத்திலிருந்து உயரத்திற்கு மாறிவிடுகிறது. மாதக்கணக்கில் மனிதர் நாற்பது மீட்டர் உயரத்தில் வேலை செய்வர். ஈரக் கான்கிரீட் தன் எடையைத் தானே தாங்காத நாட்களில் அச்சுப் பலகையும் முட்டுகளும் அதைத் தாங்கும். முட்டு என்ற சொல்லை இங்கும் நோக்குக: 'முட்டுக் கொடுத்தல்' என்பதில் அது இன்னும் நல்ல பொருளிலேயே வாழ்கிறது. முட்டுகளை நாளெண்ணாமல் அவசரப்பட்டுப் பிரிப்பதே இவ்வகைப் பணியில் பெருங்கேட்டுக்கு வழி.

காற்றைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். கலைப்பொருள்கள் பெரும்பாலும் காற்றிடம்தான் தோற்கின்றன. காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள பலகையொன்றை எண்ணிக்கொள்வோம். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று அதன்மேல் ஏறத்தாழ 125 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். நொடிக்கு 20 மீட்டராயின் அது 500 கிலோவாகும். முதலாவதை நான்கைந்து பேர் கயிறு பிடித்து அடக்கிவிடலாம். இரண்டாவது அவர்களை இழுத்துக்கொண்டு போகும். குளுவாங்கில் பிற்பகலில் லம்பாக் மலைப்பக்கம் கருத்துவரும் மேகத்தைக் கண்டவர்கள், இவ்விரு வேகங்களுக்கும் இடையே சில நிமிடங்களே இருக்கக்கூடும் என்பதை அறிவர். இடியோசை காதில் விழும் தொலைவில் மின்னலும் விழக்கூடும். ஆகையால் முதல் இடியோசையிலேயே சாரத்தைவிட்டு இறங்கிவிட வேண்டும், மழைத்துளிக்காகக் காத்திருக்கக் கூடாது.

மராட்டியத்தின் மால்வணில், ராஜ்கோட் கோட்டையில் 2023 டிசம்பர் 4 கடற்படை நாளன்று திறக்கப்பட்ட 35 அடி உயரச் சிவாஜி சிலை, 2024 ஆகஸ்டு 26 அன்று விழுந்தது. ஒன்பது மாதங்கூட நிற்கவில்லை. முதலில் காற்றின்மேல் பழி போடப்பட்டது. பின்னர் ஆராய்ந்த குழு துருவையும் வலுவற்ற உட்சட்டகத்தையும் முறையற்ற பற்றவைப்பையும் சுட்டியது. கடற்கரையில் காற்று வீசுவது செய்தியன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தாமஸ் ஹெதர்விக் வடித்த 56 மீட்டர் உயரப் படைப்பொன்று 2005 ஜனவரியில் திறக்கப்பட்டது. வெடித்துச் சிதறும் ஒளிபோல் 180 எஃகு முட்கள் கொண்ட அதன் முள்நுனி ஒன்று திறப்புவிழாவிற்குச் சில நாட்கள் முன்னரே கழன்று விழுந்தது. 2009-இல் அப்படைப்பே பிரிக்கப்பட்டது. அதே நாட்டின் கேட்ஸ்ஹெட்டில் 1998-இல் நிறுவப்பட்ட வடக்கின் வானவன் என்னும் சிற்பம் 54 மீட்டர் அகலச் சிறகை விரித்து இன்றும் நிற்கிறது. 200 டன் சிற்பத்திற்குக் கீழே 600 டன் கான்கிரீட்டும், நிலத்துள் 20 மீட்டர் ஆழம் இறங்கும் தூண்களும் உள்ளன. கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதி, கண்ணுக்குத் தெரியும் கலையைவிட மும்மடங்கு எடையுடையது.

மேலே செல்லும் மின்கம்பியை மறப்பவர் பலர். கிறிஸ்டோவும் ழான்-க்ளோடும் 1991-இல் ஜப்பானிலும் கலிபோர்னியாவிலுமாக 3,100 பெருங்குடைகளை விரித்து ஒரு கலைப்பணி செய்தனர். ஒவ்வொரு குடையும் ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் 200 கிலோ எடையும் கொண்டது. கலிபோர்னியாவில் காற்று ஒரு குடையைப் பெயர்த்தெறிந்ததில் பார்வையாளர் ஒருவர் இறந்தார். அதன்பின் குடைகளைக் கழற்றத் தொடங்கினர். ஜப்பானில் அப்பணியின்போது கிரேனின் கை மின்கம்பியைத் தொட்டதில் பணியாளர் ஒருவர் இறந்தார். ஆபத்தை நீக்குவதற்காகச் செய்த வேலையே இரண்டாம் ஆபத்தைத் தந்தது. தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தேர் உயர்மின் கம்பியைத் தொட்டு 11 பேர் மாண்டதும் இவ்வகையே. தேரின் உயரம் எல்லாரும் அறிந்தது. கம்பியின் உயரமும் அளக்கக்கூடியது. இரண்டையும் ஒரே தாளில் எழுதி, கழித்துப் பார்க்கும் பொறுப்பு ஒருவருக்கு உரியதாக வேண்டும்.

இனி மொழிக்கு வருவோம். நம் நாட்டுப் பாதுகாப்பு முறையில் ஹசாட், ரிசிக்கோ என்னும் இரு மலாய்ச் சொற்கள் அடிப்படையானவை. முன்னது தீங்கு தரக்கூடிய பொருளையோ நிலையையோ குறிக்கும். பின்னது அத்தீங்கு நேர்வதற்கான வாய்ப்பையும் நேர்ந்தால் விளையும் கொடுமையையும் சேர்த்துக் குறிக்கும். தலைக்குமேல் தொங்கும் கல் முன்னது; அதன்கீழ் எத்தனை பேர், எவ்வளவு நேரம் நிற்கின்றனர் என்பதைச் சேர்த்து எண்ணினால் பின்னது. கல்லை இல்லாமற் செய்ய முடியாது. கீழே நிற்போரை விலக்க முடியும். இவ்வேறுபாடே துறையின் உயிர்நாடி. தமிழில் இரண்டையும் ஆபத்து என்றோ அபாயம் என்றோ இடர் என்றோ மாற்றி மாற்றி எழுதுகின்றனர். ஒரே கையேட்டின் அடுத்தடுத்த பக்கங்களில் இவ்வாறு மாறுவதை நாம் கண்டிருக்கிறோம். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டால், "ஆபத்து இருக்கத்தான் செய்யும், என்ன செய்வது" என்ற கைவிரிப்பு மட்டுமே மிஞ்சும். முன்னதை இடர்மூலம் என்றும் பின்னதை இடர்வாய்ப்பு என்றும் வழங்கலாம் என்பது நம் கருத்து. வேறு நல்ல சொற்களை எவரேனும் தந்தால் மகிழ்வோம். இரண்டு சொற்கள் வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

கலைச்சொல்லைவிடக் கடுமையானது ஏவற்சொல்லின் சிக்கல். தமிழ் வினைகளில் தன்வினை பிறவினை வேறுபாடு பெரும்பாலும் ஓர் ஒலியில் நிற்கிறது. 'இறங்கு' என்றால் நீ இறங்கு; 'இறக்கு' என்றால் பாரத்தை இறக்கு. மெல்லினம் வல்லினமாக மாறும் அவ்விடம், வகுப்பறையில் நாம் அழகாக விளக்கும் இலக்கணம். ஜெனரேட்டர் இரையும் பணியிடத்தில், நாற்பதடி கீழிருந்து கூவும்போது, அவ்வொலி காற்றோடு போய்விடும். மேலே நிற்பவர் தம்மை இறங்கச் சொன்னதாக எண்ணி ஏணியில் கால்வைக்கும் நேரத்தில் கிரேன் பாரத்தை இறக்கத் தொடங்கலாம். 'ஏறு', 'ஏற்று' என்பவையும் அவ்வாறே. இவ்விணைகளில் ஒன்றை மட்டும் பணியிடத்துக்கு வைத்துக்கொண்டு மற்றதற்கு முற்றிலும் வேறான சொல்லைத் தேர்வது நல்லது. பாரத்திற்கு 'இறக்கு' என்றால் ஆளுக்குக் 'கீழே வா' என்க.

எதிர்மறை ஏவல் இன்னும் கொடிது. 'விடாதே' என்னும் சொல்லில் எதிர்மறை, வினையடிக்குப் பின் வருகிறது. சொல்லின் கடைப்பகுதி காதில் விழாவிட்டால் எஞ்சுவது 'விடு' என்பதற்கு மிக அண்மையான ஒலி. மலாயில் 'ஜாஙான் லெப்பாஸ்' என்பர். அங்கு எதிர்மறை முன்னே நிற்கிறது, முற்பகுதி விழாவிட்டால் எஞ்சுவதும் 'விடு' என்பதே. ஆங்கிலமும் அப்படியே. எம்மொழியாயினும் தீர்வு ஒன்றுதான்: செய்யக்கூடாத வினையின் பெயரை ஏவலில் உச்சரிக்கவே கூடாது. 'விடாதே' என்பதற்கு மாற்று 'பிடி'. 'நகராதே' என்பதற்கு மாற்று 'நில்'. 'எடு' என்பதும் நம்பத்தகாத சொல். அது தூக்கு என்றும் அகற்று என்றும் பொருள்படும். வலம் இடம் என்பவை நிற்பவரின் முகத்தைப் பொறுத்தவை. எதிரெதிரே நிற்கும் இருவருக்கு அவை தலைகீழாகும். சாலைப்பக்கம், சுவர்ப்பக்கம், குளப்பக்கம் என்று இடத்தின் பெயரால் சொல்வதே பிழையற்றது.

இங்குத் தொல்காப்பியரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. சொற்கள் அடுக்கிவரும் எல்லையைக் கூறுமிடத்தில், இசைநிறைக்கு நான்கு வரை அடுக்கலாம் என்ற அவர், விரைவின்கண் வரும் அடுக்கிற்கு மூன்றே எல்லை என்கிறார். தீயையோ பாம்பையோ கண்டவன் மூன்று முறை கூவுகிறான். முதல் கூவல் கேட்பவரின் செவியைத் திருப்புகிறது. இரண்டாவது சொல்லை அறிவிக்கிறது. மூன்றாவது ஐயத்தை நீக்குகிறது. இவ்விளக்கம் நம்முடையது, உரையாசிரியர்களுடையதன்று. ஆயினும் "நிறுத்து, நிறுத்து, நிறுத்து" என மும்முறை கூவுவதைப் பணியிட வழக்காக்கினால், பழைய விதியொன்று உயிர்காக்கும் பயனைப் பெறும். பாரந்தூக்கும் பணியில் கிரேன் ஓட்டுநருக்குச் சைகை காட்டுவோர் ஒருவரே இருக்க வேண்டும் என்பது உலக வழக்கு. அதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு. நிறுத்தச் சொல்லும் சைகையை எவரும் காட்டலாம். யார் காட்டினாலும் ஓட்டுநர் கீழ்ப்படிய வேண்டும். தேநீர் கொண்டுவரும் சிறுவன் காட்டினாலும் அப்படியே.

கூட்டாக இழுக்கும் பணிக்குத் தமிழர் கண்ட கருவி வேறு. ஏலேலோ என்று தொடங்கும் உழைப்புப் பாடல்களில் பொருளற்ற அசைகள் ஏன் இத்தனை என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பொருள் இருந்தால் எண்ணம் சிதறும். அசையில் தாளம் மட்டுமே உண்டு. இருபது பேரின் இழுப்பு ஒரே நொடியில் விழுவதற்கு அதுவே போதும். தாளம் தவறி ஒருவர் முன்னே இழுத்தால் அவர் முதுகுதான் முறியும்.

எழுத்துவடிவ அறிவிப்புகளைப் பற்றி ஒன்று. "இவ்விடத்தில் தலைக்கவசம் அணியப்படுதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது" என்ற பலகைகளைப் பார்க்கிறோம். யார் அணிய வேண்டும், யார் கட்டாயமாக்கினார் என்று இரண்டுமே அதில் இல்லை. பிறமொழி வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு அது. "தலைக்கவசம் அணிக" என்ற இரண்டு சொற்களை நடந்துகொண்டே படித்துவிடலாம். வியங்கோள் செய்யுளுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கிவிட்டதே இக்குழப்பத்திற்குக் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

சட்டம் மொழியிலிருந்து விலகி நிற்கவில்லை. சுங்கை பூலோவில் 1991 மே 7 அன்று பட்டாசு ஆலை வெடித்த துயரத்திற்குப் பின் உருவானது 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அதன் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களும் அதனுள் அடங்கும். இடர்வாய்ப்பை மதிப்பிடுதல் கடமையாகும். குத்தகையாளரை அமர்த்தி வழிநடத்துவோருக்கும் பொறுப்பு உண்டு. கோயில் திருப்பணிக் குழுவினர் இதனைத் தமக்குத் தொடர்பில்லாத தொழிற்சாலைச் சட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணமுடைய தொழிலாளி, முதலாளியிடம் தெரிவித்தும் அது நீக்கப்படாதபோது, அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையையும் அத்திருத்தம் தருகிறது. அவ்வுரிமை அவர் அறிந்த மொழியில் அவருக்குச் சொல்லப்படாதவரை அது தாளில் மட்டுமே இருக்கும்.

கோயிற்பணியில் வேறெங்கும் இல்லாத ஒரு நெருக்கடி உண்டு. குடமுழுக்கின் நாளும் நாழிகையும் பஞ்சாங்கப்படி குறிக்கப்பட்டு, அழைப்பிதழ் அச்சாகி, அமைச்சர்கள் அழைக்கப்பட்டுவிடுகின்றனர். மழை அதைப் பொருட்படுத்துவதில்லை. கடைசி இரண்டு வாரங்களில் பெய்த மழைக்கு ஈடாக இரவில் விளக்கேற்றி வேலை நடக்கிறது. வண்ணம் பூசுவோர் ஒருபுறம் இருக்கையில் மறுபுறம் சாரம் பிரிக்கப்படுகிறது. பிரிக்கப்படும் சாரத்திலிருந்து கட்டுகள் ஒவ்வொன்றாக விலகும்போது, அதே சாரத்தின் மற்ற பகுதி முன்பிருந்த உறுதியோடு இருப்பதில்லை என்பதை எவரும் கணக்கிடுவதில்லை. நாளைக் குறிப்பவரை நாம் குறைகூறவில்லை. மழைக்கும் சாரம் பிரிப்பதற்கும் உரிய நாட்களை முதலிலேயே தனியாக ஒதுக்கி, அவற்றுக்கும் சேர்த்தே நாள் கேட்கலாம். பஞ்சாங்கத்தில் முகூர்த்தங்கள் பல உள்ளன. அடுத்த நல்ல நாள் பெரும்பாலும் சில வாரத் தொலைவில்தான் இருக்கும்.

பள்ளிகளில் செய்யக்கூடியது ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். சுவரோவியமோ மேடையலங்காரமோ செய்யும் வாய்ப்பு ஒவ்வோர் ஆண்டும் மாணவர்க்கு வருகிறது. ஏணி வைக்கும் முன், அவ்வேலைக்கு வேண்டிய ஏவற்சொற்களை அவர்களே தேர்ந்து கரும்பலகையில் எழுதட்டும். பத்துக்கு மேல் வேண்டாம். எதிர்மறையில் முடியும் சொற்களை நீக்கட்டும்; ஒன்றுபோல் ஒலிக்கும் இணைகளைப் பிரிக்கட்டும். பின்பு ஒருவர் திடலின் ஒரு கோடியில் நின்று கூவ, மறுகோடியில் நிற்போர் கேட்டதை எழுதட்டும். இடையில் புல்வெட்டும் இயந்திரம் ஓடினால் இன்னும் நன்று. எழுதியவற்றுள் எச்சொல் பிழைபட்டதோ அதனை மாற்றி மறுபடியும் கூவிப் பார்க்கட்டும். மலாய், சீன மாணவர்கள் அருகில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்க. எல்லார் தாளிலும் 'நிறுத்து' என்னும் பொருளுடைய சொல் ஒன்றாகவே விழும்வரை, எவரும் ஏணியில் ஏற வேண்டியதில்லை.